புது மின்சார காரில் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது, பின்னால் கடகட சத்தம்: அடாஸை மொத்தமாக அணைத்துவிடலாமா?

கேள்வி, 2025 மே 9

போன வாரம்தான் புது மின்சார எஸ்யூவி எடுத்தோம். ஈரோட்டிலிருந்து கோவைக்கு ஒருமுறை போய் வந்தேன். ஸ்டியரிங் தானாக இழுக்கிறது. பெருந்துறை தாண்டி ஒரு பைக் குறுக்கே வந்ததும் வண்டியே பிரேக் அடித்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. வீட்டம்மா அன்றிலிருந்து முன் சீட்டில் உட்கார மாட்டேன் என்கிறார். போதாததற்குப் பின் பக்கம் கடகடவென்று சத்தம். சர்வீஸில் கேட்டால் “ரோடு அப்படிங்க சார்” என்று முடித்துவிட்டார்கள். நம் ஊர் ரோட்டுக்கு இந்த அடாஸ் (தானாகப் பிரேக் பிடிப்பது, ஸ்டியரிங்கைத் திருப்புவது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகள்) ஒத்து வராது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஓட்டுவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

2025 மே 9, இரவு

மொத்தமாக அணைக்காதீர்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான் கோவை. என்னிடமும் மின்சார எஸ்யூவிதான். வேலை காரணமாகச் சேலம், கிருஷ்ணகிரி பக்கமும், சொந்த ஊர் காரணமாக உடுமலை, பழனி பக்கமும் ஓட்டுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகும் குணம் இப்போது வரும் பல வண்டிகளிலும் இருக்கிறது.

அடாஸ் என்று ஒரே பெயர் வைத்தாலும் ஐந்தாறு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. முன் கண்ணாடியின் உள்பக்கம், நடுக் கண்ணாடிக்கு மேலே ஒரு கேமரா. முன் பம்பரில் ஒரு ரேடார். பின் பம்பரின் இரண்டு மூலையிலும் சின்ன ரேடார்கள். கோட்டைப் பார்ப்பது கேமரா. தூரத்தையும் வேகத்தையும் அளப்பது ரேடார். எந்த வசதி எதை நம்பியிருக்கிறது என்று தெரிந்தால் அது எங்கே சொதப்பும் என்பதும் தெரிந்துவிடும்.

நான் எப்போதும் போட்டு வைத்திருப்பவை: ஆட்டோ பிரேக், பக்கத்தில் வண்டி இருந்தால் சைடு கண்ணாடியில் எரியும் விளக்கு, ரிவர்ஸில் குறுக்கே ஏதாவது வந்தால் கத்தும் எச்சரிக்கை. யார் சொன்னாலும் இந்த மூன்றையும் அணைக்க மாட்டேன். லேன் அசிஸ்ட், அதாவது கோட்டைத் தாண்டவிடாமல் ஸ்டியரிங்கை இழுக்கும் வசதி, இருவழிச் சாலையில் கிடையாது. அடாப்டிவ் க்ரூஸ், அதாவது முன்னால் போகும் வண்டிக்கு ஏற்பத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி, நடுவில் மீடியன் உள்ள சாலையில் மட்டும்.

இப்போது உங்கள் ஸ்டியரிங். கேமரா வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. இண்டிகேட்டர் போடாமல் கோட்டை நெருங்கினால், ஓட்டுநர் தூங்கிவிட்டார் என்று எண்ணி வண்டியை உள்ளே இழுக்கிறது. நாம் தூங்கவில்லை. இடது ஓரத்தில் சைக்கிளில் பால் கேனோடு போகிறவருக்கு இடம் விட்டு வலது பக்கம் ஒதுங்குகிறோம். அந்த நேரத்தில் ஸ்டியரிங் நம்மை மறுபடி சைக்கிள் பக்கமே தள்ளுகிறது. இதுதான் ஆபத்து. இழுப்பு பலமானது இல்லை, கையால் மீறிவிடலாம். ஆனால் எதிர்பார்க்காதபோது வந்தால் அரை நொடி கை உறைந்துவிடும். இண்டிகேட்டர் போட்டால் இழுக்காது. ஒதுங்குவதற்கு முன் இண்டிகேட்டர் போடும் பழக்கத்தை வண்டி நமக்குக் கற்றுக்கொடுக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனாலும் கிராமத்துச் சாலையில் ஒவ்வொரு ஆட்டுக்கும் இண்டிகேட்டர் போட முடியாது. அதனால்தான் அங்கே அணைக்கச் சொல்கிறேன்.

2025 மே 10

நேற்று சொல்ல விட்டது: பஸ் விஷயம்.

நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த பைக்கை வண்டி பார்த்ததே, அதை மறந்துவிடாதீர்கள். ஆட்டோ பிரேக் முதலில் கத்தும், பிறகு லேசாகப் பிடிக்கும், கடைசியில்தான் முழு பிரேக். கத்தும்போதே நீங்கள் மிதித்துவிட்டால் கடைசிக் கட்டத்துக்குப் போகாது. மெனுவில் எச்சரிக்கை நேரத்தை முன்கூட்டி, நடுத்தரம், தாமதம் என்று மாற்ற இடம் இருக்கும். ஊருக்குள் தாமதத்தில் வையுங்கள். காந்திபுரத்தில் முன்கூட்டியில் வைத்து ஓட்டினால் வண்டி ஓயாமல் கத்தும், கத்துவதைக் காது பொருட்படுத்தாமல் போய்விடும். அப்புறம் உண்மையில் கத்தும்போதும் கேட்காது.

2025 மே 12

கடகட சத்தத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் நீளமாகப் போகும்.

மின்சார வண்டியில் சத்தம் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். டீசல் வண்டியிலும் இதே சத்தங்கள் இருந்தன, இன்ஜின் அவற்றை மூடி வைத்திருந்தது. இப்போது மூட ஆள் இல்லை. அதோடு தரைக்கடியில் பல நூறு கிலோ பேட்டரி. அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங்கை இறுக்கமாக வைக்கிறார்கள். சின்னக் குழியில் விழுந்தாலும் அதிர்வு உடம்பு முழுக்கப் போகிறது. ஆனால் இதையெல்லாம் காரணமாகக் காட்டி சர்வீஸ்காரர் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. ரோடு காரணம் என்றால் பக்கத்தில் நிற்கும் அதே மாடல் வண்டியிலும் அதே இடத்தில் சத்தம் வர வேண்டும் அல்லவா? ஷோரூமின் டெஸ்ட் டிரைவ் வண்டியை அதே தெருவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் சார்ஜிங் கேபிள் பை, ஜாக்கி, ஸ்பேனர், குடை, தண்ணீர் பாட்டில், கதவுப் பையில் சில்லறை, கண்ணாடிக் கூடு, எல்லாம். பின் சீட்டில் குழந்தை சீட் இருந்தால் அதையும் கழற்றுங்கள், அதன் கொக்கி இரும்புக் கம்பியில் தட்டும். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் நாக்கு பக்கத் தூணின் பிளாஸ்டிக்கில் தட்டுவது பெரிய ஏமாற்று. தலைக்குப் பின்னால் எங்கோ உடைந்ததுபோல் கேட்கும். பெல்ட்டைப் பூட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பிறகு டயர் காற்று. தொழிற்சாலையிலிருந்து யார்டுக்கு வரும் வண்டிகளில் காற்று கூடுதலாக அடித்திருப்பார்கள், நாள்கணக்கில் நிற்பதால். டெலிவரியின்போது அதைக் குறைக்க வேண்டும், பல இடங்களில் குறைப்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவு வையுங்கள். காலையில், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். பாதிச் சத்தம் இதிலேயே போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் இருந்தால்தான் தேடல். வேறொருவரை ஓட்டச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஓட்டுகிறவர் காதுக்கு எந்தச் சத்தமும் வேறு இடத்திலிருந்து வருவதுபோல்தான் தெரியும்.

2025 மே 13

ஒருவர் கேட்டிருக்கிறார்: “காலையில் சத்தம் இல்லை, மதியம் வருகிறது, சர்வீஸில் விட்டால் வரவே இல்லை. என்ன செய்வது அண்ணா?”

தம்பி, அக்கினி நட்சத்திரம் நடக்கிறது. வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. ஒரு மீட்டர் எஃகு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் அதைப்போல் பல மடங்கு நீளும். இரண்டும் ஒன்றோடொன்று கிளிப்பால் பிடிக்கப்பட்டவை. நீண்டது எங்கே போகும்? பக்கத்துப் பலகையை உரசும். அதுதான் கிறீச். சர்வீஸ் சென்டரில் வண்டி நிழலில் நிற்கிறது, அவர்கள் ஓட்டிப் பார்ப்பது காலை ஒன்பதரைக்கு. சத்தம் எப்படி வரும்?

மதியம் இரண்டு மணிக்கு அப்பாயிண்ட்மென்ட் கேளுங்கள். வண்டியை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். தேதி, நேரம், ஏசி ஓடியதா, எந்த வேகம், எந்த மாதிரி ரோடு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனால் மெக்கானிக் உங்களை மதிக்கிறார்.

2025 மே 13, மதியம்

அவசரமாக ஒரு எச்சரிக்கை. மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் தூண்களின் பிளாஸ்டிக்கை வீட்டில் கழற்றாதீர்கள். முன் தூணிலிருந்து கூரை ஓரமாகக் கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நடுத்தூணின் அடியில் சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் கருவி இருக்கும். மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, கையை எடுத்துவிடுங்கள். ஆரஞ்சு நிற ஒயர் என்றால் உயர் மின்னழுத்தம், கிட்டவே போகாதீர்கள். வீட்டில் தொடக்கூடியவை டிக்கி, கதவுப் பை, சீட்டுக்கடி, ரப்பர் பீடிங், பானெட் ரப்பர் புஷ். அவ்வளவுதான்.

2025 மே 26

ஈரோட்டு நண்பர் வண்டியைக் கோவைக்கே கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஓட்ட, நண்பர் முன் சீட்டில், நான் பின் சீட்டை மடித்துவிட்டு டிக்கிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு படுத்தேன். வீட்டருகே காலி மனைத் தெரு, இருபது கிலோமீட்டர் வேகம். அங்கே வரிசையாக வெள்ளை ரம்பிள் பட்டைகள் உண்டு. ஒவ்வொரு பட்டையிலும் டக் டக் என்று இரட்டைத் தட்டல். கடகட என்று அவர் எழுதியிருந்தார், பக்கத்தில் கேட்டால் அது இரும்பில் பிளாஸ்டிக் தட்டும் சத்தம். உள்ளங்கையால் டிக்கிக் கதவின் உள்பலகையை மேலிருந்து ஒவ்வொரு இடமாக அழுத்திக்கொண்டே வந்தேன். வலது பக்கம், வைப்பர் மோட்டருக்குச் சற்று மேலே அழுத்தியதும் சத்தம் நின்றது. கையை எடுத்தால் திரும்ப வந்தது.

பலகையைக் கழற்றியது சர்வீஸ் ஆள்தான், நாங்கள் திங்கட்கிழமை கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே ஒயர் கட்டு ஒன்று, தன் கிளிப்பில் மாட்டப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் இருந்த வெள்ளைக் கனெக்டர் கதவின் தகரத்தில் தட்டியிருக்கிறது. தட்டிய இடத்தில் பெயின்ட் மங்கி, கடுகளவு பளபளப்பு தெரிந்தது. கிளிப்பை ஓட்டையில் அழுத்தினார், டிக் என்று உட்கார்ந்தது. கனெக்டரைச் சுற்றித் துணி டேப் ஒரு சுற்று. முடிந்தது வேலை.

அந்தப் பையன் நல்ல வேலைக்காரன். முதல்முறையே நேரம் கொடுத்திருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். வண்டிக்கு இத்தனை நிமிடம் என்று மேலே கணக்குப் போட்டுத் தருகிறார்கள், சத்தம் தேடுவதற்கு அதில் இடமே இல்லை. எனக்குக் கோபம் அங்கேதான் வருகிறது.

துணி டேப் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் ஒயர் கட்டும் துணி டேப் என்று கேளுங்கள். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், வெயிலில் பசை இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும்.

2025 ஜூன் 8

கதவு ரப்பர் கிறீச்சிடுகிறது, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று ஒரு கேள்வி. வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும். கிரீஸ், வாஸலின் இவையும் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் அந்த ரப்பரை ஊத வைத்துவிடும். சிலிக்கான் கிரீஸ் சின்ன டியூபாக விற்கிறார்கள். ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து, காயவிட்டு, விரலால் மெல்லிசாகத் தடவுங்கள்.

2025 ஜூலை 27

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, பொள்ளாச்சி உடுமலை சாலையில் வண்டியைப் பக்கவாட்டில் அறைகிறது. காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டு வைத்தார்கள்.

மே மாதம் இருவழிச் சாலையில் லேன் அசிஸ்ட் வேண்டாம் என்று எழுதினேன். நாற்கரச் சாலைக்கு இப்போது ஒன்று சேர்க்கிறேன். காற்று நாளில், லேனின் நடுவில் வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி அவிநாசி தாண்டி நன்றாகவே வேலை செய்தது. காற்று தள்ளத் தள்ள ஸ்டியரிங்கில் சின்னச் சின்னத் திருத்தங்கள் வந்துகொண்டே இருந்தன, என் தோளுக்கு வேலை குறைந்தது. ஆனால் பெரிய லாரியைத் தாண்டும்போது கதை வேறு. லாரியின் மறைவில் காற்று நின்றுவிடும், தாண்டியதும் திடீரென்று அறையும். அந்த அறைக்கு வசதி தாமதமாகத்தான் பதில் சொல்கிறது. கை ஸ்டியரிங்கில் இறுக்கமாக இருக்க வேண்டும். இருவழிச் சாலையில் காற்று அடித்தாலும் அதே பழைய பேச்சுதான், அணைத்தே வைக்கிறேன். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் புறவழியில் மீடியன் இல்லை. எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள எனக்கு மனம் இல்லை.

இந்தக் காற்றில் புதிதாக ஒரு விசில் சத்தம் வந்தது. ஓட்டுநர் பக்க ஜன்னலுக்கு மேலே. பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் இறுக்கமாக வந்தது, ஒரு சாண் தூரத்துக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவின் பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பொருத்தியதும் விசில் நின்றது. வாரண்டியில் செய்தார்கள், காசு வாங்கவில்லை.

2025 ஆகஸ்ட் 17

எண்பதைத் தாண்டினால் வண்டி கத்துகிறது, இதை எப்படி அடாஸ் மெனுவில் அணைப்பது என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அது அடாஸ் இல்லை. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் எல்லா கார்களிலும் கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு, 120-ஐத் தாண்டினால் தொடர்ந்து. அதை அணைக்க ஒயரை வெட்டித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் வாரண்டி போய்விடும், கவனம்.

வேகப் பலகையைக் கேமரா படித்துத் திரையில் காட்டுவது வேறு. அதை நம்பாதீர்கள். லாரியின் பின்னால் வட்டத்துக்குள் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, நாற்கரச் சாலையில் 40 என்று காட்டும். சர்வீஸ் ரோட்டுப் பலகையையும் நம்முடையது என்று எடுத்துக்கொள்ளும். க்ரூஸ் அந்த எண்ணுக்குத் தானாக வேகம் குறைக்கும்படி ஓர் அமைப்பு சில வண்டிகளில் உண்டு. அதை அவசியம் அணையுங்கள். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் ஏன் திடீரென்று குறைக்கிறீர்கள் என்று புரியாது.

2025 ஆகஸ்ட் 31

இதை எல்லோரும் படிக்க வேண்டும். கம்பி ஏற்றிய வண்டி.

பவானி தாண்டிச் சாயங்காலம், வெளிச்சம் மங்கும் நேரம். க்ரூஸில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு மினி லாரி, கட்டிடக் கம்பி ஏற்றி. கம்பிகள் பின்பலகையைத் தாண்டி ஓர் ஆள் நீளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டு, முனையில் சிவப்புத் துணி கட்டித் தொங்கின. போக்குவரத்து ஊர்ந்து நிற்கும் நிலைக்கு வந்தது. என் வண்டி அழகாக வேகம் குறைத்தது. ஆனால் அது அளந்த தூரம் லாரியின் உடம்பு வரைக்கும். அது விட வைத்திருந்த இடைவெளியில் பெரும்பகுதி கம்பி இருந்தது. கம்பி முனைகள் என் முன் கண்ணாடியின் உயரத்தில். நான் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். திரையில் எல்லாம் சரியாக இருப்பதாக, பச்சைக் கோடுகளோடு, லாரிப் படம் அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

இப்படி நீட்டிக்கொண்டு ஏற்றக் கூடாது என்று 2014-இலேயே மத்திய மோட்டார் வாகன விதியைத் திருத்திவிட்டார்கள். சாலையில் தினமும் பார்க்கிறோம். கம்பி, மூங்கில், வைக்கோல், கரும்பு எதை ஏற்றிய வண்டி முன்னால் இருந்தாலும் க்ரூஸை எடுத்துவிடுங்கள். இரவில் விளக்கில்லாமல் போகும் கரும்பு டிராக்டரை நம் கண் பார்க்கும் முன் வண்டி பார்க்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அதேபோல் நின்றுகொண்டிருக்கும் வண்டி. வேகமாகப் போகும்போது ரேடாருக்குப் பாலம், பலகை, தடுப்பு என்று நிற்கும் பொருட்கள் ஏராளமாகத் தெரியும். அத்தனைக்கும் பிரேக் அடித்தால் வண்டி ஓட்ட முடியாது என்பதால் நிற்கும் பொருட்களை மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. கேமராவும் சேர்ந்து உறுதி செய்தால்தான் பிடிக்கும். உங்கள் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள், நிற்கும் வண்டியைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்று. நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சராகி, பார்க்கிங் விளக்குகூட இல்லாமல் நிற்கும் லாரி நம் ஊரில் இரவு விபத்துக்கு ஒரு காரணம். அந்த இடத்திலேயே இது பலவீனம். கையேட்டில் இருப்பதை, டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுக்கும் ஷோரூம்காரர்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? பூசணிக்காய் உடைக்க நேரம் இருக்கிறது, இதைச் சொல்ல நேரம் இல்லை. இதற்காகவே நான் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2025 செப்டம்பர் 1

“அப்படியானால் நான் முதலில் சொன்னதுதானே சரி, அணைத்துவிடலாமே?” என்று ஈரோட்டு நண்பர் கேட்கிறார்.

இல்லை சார். க்ரூஸும் லேன் அசிஸ்ட்டும் நாம் செய்யும் வேலையைத் தான் எடுத்துக்கொள்கிறவை. அவற்றுக்கு இடம் பார்த்துத்தான் வேலை கொடுக்க வேண்டும். ஆட்டோ பிரேக் அப்படி இல்லை, நாம் தவறவிட்ட பிறகுதான் உள்ளே வருகிறது. அது பத்தில் சில நேரம் பார்க்காமல் போனாலும் பார்த்த நேரங்கள் நமக்கு லாபம். கண்ணாடி விளக்கும் அப்படித்தான். இந்த இரண்டு வகையையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. வண்டி தானாக ஓடுவதற்கு அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த நிலைகள் சுழியத்திலிருந்து ஐந்து வரை. நம்முடையது இரண்டு. இரண்டு என்றால் ஸ்டியரிங்கும் வேகமும் சேர்ந்து வண்டி பார்த்துக்கொண்டாலும் பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடையது.

2025 அக்டோபர் 26

மழை பிடித்துக்கொண்டது. கிருஷ்ணகிரி போய்த் திரும்பும் வழியில் கேமரா மறைந்துவிட்டது என்று செய்தி வந்து க்ரூஸ் தானாக விலகிக்கொண்டது. விலகும்போது ஒரு மணி அடித்தது, அவ்வளவுதான். ரீஜென் (மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தைப் பேட்டரிக்கு மின்சாரமாகத் திருப்புவது) பிடித்து வண்டி சட்டென்று வேகம் குறைந்தது. மழையில் க்ரூஸ் போட்டால் வலது கால் ஆக்சிலரேட்டர் மேலேயே இருக்கட்டும்.

தொப்பூர் கணவாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தர்மபுரியிலிருந்து இறங்கும்போது ரீஜெனை அதிகபட்சத்தில் வைத்து இறங்கினேன், பிரேக்கைத் தொட வேண்டிய தேவை அநேகமாக இல்லை. பிரேக் சூடாவதும் இல்லை, பேட்டரியும் கொஞ்சம் ஏறியது. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்கு நடுவே இது பெரிய தைரியம். இரண்டு கவனம். பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் ரீஜெனுக்குப் போட இடம் இல்லை, இழுப்பு குறைந்துவிடும். தர்மபுரியில் நிறுத்திச் சார்ஜ் செய்கிறவர்கள் எண்பதோடு கிளம்புங்கள். இன்னொன்று, பிரேக்கை மிதிக்காமல் வேகம் குறையும்போது பின்விளக்கு எரிகிறதா என்ற சந்தேகம். ஐக்கிய நாடுகளின் 13-எச் பிரேக் விதிப்படி, ரீஜெனால் ஒவ்வொரு வினாடியும் வேகம் வினாடிக்கு 1.3 மீட்டருக்கு மேல் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். அதற்குக் கீழே மெல்லக் குறையும்போது எரியாமலும் இருக்கலாம். இரவில் நண்பரைப் பின்னால் வரச் சொல்லி உங்கள் வண்டியில் பார்த்துவிடுங்கள். பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வந்தால் நான் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டிவிடுவேன்.

2025 அக்டோபர் 27

ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் லேன் அசிஸ்ட் தானாக ஆன் ஆகிவிடுகிறது என்ற புகார் நியாயமானது. ஐரோப்பாவில் 2024 ஜூலை 7 முதல் புதுக் கார்களில் லேன் உதவி கட்டாயம், ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அது ஆன் ஆகத்தான் வேண்டும் என்று சட்டம். நமக்கு அந்தச் சட்டம் இல்லையே, உரிமையாளர் கடைசியாக வைத்ததை வண்டி நினைவில் வைத்துக்கொண்டால் என்ன? நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். மென்பொருள் அப்டேட்டில் சரியாகிற விஷயம் இது. அதுவரை ஸ்டியரிங்கில் உள்ள குறுக்குவழிப் பட்டனுக்கு இதை ஒதுக்கிக்கொள்ளுங்கள், மூன்று மெனு நுழைய வேண்டியதில்லை.

2026 ஜனவரி 25

தைப்பூசம் வருகிறது. உடுமலையிலிருந்து பழனி வரை சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரை. பச்சையும் மஞ்சளும் உடுத்தி, காவடியோடு, இரவெல்லாம் நடக்கிறார்கள். நேற்று இரவு அந்த வழியில் வந்தேன். லேன் அசிஸ்ட் அணைத்து, க்ரூஸ் இல்லாமல், நாற்பதில். ஆட்டோ பிரேக் மட்டும் ஆனில்.

வண்டி மனிதர்களை நன்றாகவே கண்டுகொண்டது. விளக்கு வெளிச்சத்தில் வருகிறவர்களைத் திரையில் ஒவ்வொருவராகக் காட்டியது. தோளில் காவடி வளைவோடு நடந்தவரை மட்டும் சில நொடி மனிதனாகக் காட்டவில்லை, அருகே வந்த பிறகுதான் படம் வந்தது. முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தவர்களை நான்தான் முதலில் பார்த்தேன், கேமரா பிறகு. எதிரே வரும் வண்டியின் ஹைபீம் கண்ணில் அடிக்கும்போது எனக்கும் தெரியவில்லை, அதற்கும் தெரியவில்லை. ஹைபீமைத் தானாகக் குறைக்கும் வசதி இருந்தால் அந்தச் சாலையில் அணைத்துவிட்டு லோபீமிலேயே போங்கள். அது எதிரே வரும் வண்டிக்குத்தான் குறைக்கும், நடந்து வருகிற பக்தரின் கண்ணுக்குக் குறைக்காது. அவர்கள் கை தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள், பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

பாதயாத்திரை போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பைக்குப் பின்னால் ஒரு ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். குழந்தைகளை வண்டிகள் போகாத உள்பக்கம் நடக்க விடுங்கள்.

2026 பிப்ரவரி 15

ஈரோட்டு நண்பர் போன் செய்தார். டிப்பரிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி விரிந்துவிட்டது, வெளியே ஒரு கடையில் பாதி விலைக்கு மாற்றித் தருகிறார்கள், போகலாமா என்று. அவர் வீட்டம்மா இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறாராம், அதையும் சொன்னார்.

கண்ணாடியை மாற்றினால் கேமராவைத் திரும்பப் பொருத்தி அளவு சரிபார்க்க வேண்டும், இதைத்தான் காலிபரேஷன் என்கிறார்கள். கேமரா ஒரு டிகிரி சாய்ந்தாலும் நூறு மீட்டர் தள்ளி ஒன்றே முக்கால் மீட்டர் விலகிப்போகும், பக்கத்து லேனில் இருக்கிற வண்டியை நம்முடைய லேனில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதனால் காலிபரேஷன் செய்யும் இடத்தில்தான் மாற்றுங்கள். கேமராவுக்கு முன்னால் வரும் பகுதி தெளிவாக உள்ள, அந்த மாடலுக்கான கண்ணாடிதானா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் க்ளெய்மில் காலிபரேஷன் கட்டணத்தையும் சேர்த்து எஸ்டிமேட் வாங்குங்கள், முன்பே கேட்காவிட்டால் பிறகு கையிலிருந்து போகும். வேலை முடிந்ததும் முடிவைக் காட்டும் அறிக்கையை அச்செடுத்துக் கேளுங்கள். முன் பம்பரைக் கழற்றி மாட்டினாலும் ரேடாருக்கு இதே கதைதான். பம்பரில் ரேடார் உள்ள இடத்துக்கு மேல் தடித்த பெயின்டோ ஸ்டிக்கரோ எலுமிச்சை மிளகாயோ வேண்டாம்.

அறிக்கை வந்ததும் படம் எடுத்து இங்கே போடுங்கள் சார், எண்களைச் சேர்ந்து பார்க்கலாம்.